டெல்டாக்காரன், மலையில 50 கி.மீ., பயிற்சி பத்தாது: போகலாமா?

வெட்டாத்துக்கரை

எல்லாருக்கும் வணக்கம். திருவாரூர் பக்கம், வயசு 38. மேற்குத் தொடர்ச்சி மலையில பிப்ரவரி நடுவுல நடக்குற ஒரு டிரெயில் அல்ட்ராவுக்கு (மாரத்தானை விட நீளமான காட்டுப்பாதை ஓட்டப் பந்தயம்) ஆகஸ்ட்டுலயே பணம் கட்டிட்டேன். 50 கி.மீ., மொத்த ஏத்தம் 1,900 மீட்டர், கட் ஆஃப் 12 மணி நேரம். விடியக்காலம் 5 மணிக்கு ஆரம்பம். 26ஆவது கி.மீ.யை 6 மணி நேரத்துக்குள்ள தாண்டணும், 39ஆவதை ஒன்பதே கால் மணி நேரத்துக்குள்ள. தாண்டலேன்னா ஜீப்புல ஏத்திடுவாங்க.

பணம் கட்டுனப்ப திட்டமெல்லாம் பிரமாதமா இருந்துச்சு. அக்டோபர்ல மழை பிடிச்சுது. ஆத்தங்கரை பூரா களிமண் சேறு, நாலு அடி வச்சா ஷூவுக்கு அடியில இன்னொரு ஷூ ஒட்டிக்கும். டிசம்பர்ல வயல்ல தண்ணி தேங்கி, வடிய வைக்கவே ராப்பகலாச்சு. பொங்கல் முடிஞ்சதும் அறுப்பு. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசல்ல கொட்டி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள வர்ற வரைக்கும் காயப் போட்டு, ராத்திரி தார்ப்பாய்க்குப் பக்கத்துலயே படுத்துக் கிடந்தேன். இதுல எங்க ஓட?

இப்ப வாரத்துக்கு 25, 30 கி.மீ. ஓடுனா பெரிய விஷயம். நீள ஓட்டம்னு சொல்லிக்க, மழை விட்ட ஒரு நாள் கல்லணை–பூம்புகார் ரோட்டுல ஓடுன 28 கி.மீ. மட்டும்தான். மலை ஏறுனதெல்லாம் காலேஜ் டூர்ல. என் வாட்ச் ஏத்தம்னு காட்டுறது பாலத்துல ஏறி இறங்குறதை மட்டும்தான்.

கையில மூணு வாரம் இருக்கு. போகலாமா, வேணாமா? போறதா இருந்தா இந்த மூணு வாரத்துல என்ன பண்ணலாம்?

நைட்ஷிஃப்ட் மாயவரம்

போகாதீங்க. கதிர் பால் பிடிச்சப்புறம் அடியுரம் போடுற வேலை இது. 25 கி.மீ. பிரிவு இருந்தா அதுக்கு மாத்திக் கேளுங்க. அதே மலை, அதே டீ-சர்ட்.

கும்மோணம் ஓட்டக்காரன்

போறதும் போகாததும் அப்புறம். முதல்ல கணக்கைப் போட்டுடுவோம்.

மலை நடைக்கு நைஸ்மித் விதின்னு ஒண்ணு இருக்கு. ஸ்காட்லாந்துக்காரர், 1892ல சொன்னது. 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் கூட ஒரு மணி நேரம். உங்க பந்தயத்துக்குத் தூரத்துக்கு 10 மணி நேரம், ஏத்தத்துக்கு 3 மணி 10 நிமிஷம். ஆக 13:10. முழுக்க நடந்தா கட் ஆஃப்புக்கு வெளியதான் நிக்கணும்.

இப்ப இதுல ஓட்டத்தைச் சேருங்க. சமதளத்துலயும் சாய்வான இறக்கத்துலயும் 20 கி.மீ.யை, கி.மீ.க்கு ஏழரை நிமிஷத்துல ஓடுனா 90 நிமிஷம் மிச்சம். 11:40ன்னு வருது. ஆனா வழியில தண்ணி, சாப்பாடு தர்ற எய்ட் ஸ்டேஷன் ஆறு. ஒவ்வொண்ணுலயும் அஞ்சு நிமிஷம் நின்னா அரை மணி நேரம் போச்சு, 12:10. அதாவது 20 கி.மீ. ஓடுனாலும் பத்து நிமிஷம் லேட். 25 கி.மீ. ஓடுனாத்தான் பன்னெண்டுக்குள்ள கொஞ்சம் மூச்சு விடலாம்.

அதனால நீங்க கேக்க வேண்டிய கேள்வி "50 கி.மீ. தாங்குவேனா"ங்கறது இல்ல. பாதி தூரம் மலையில நடந்துட்டு மீதி பாதியை ஏழரையில ஓட முடியுமான்னு பாருங்க. 28 கி.மீ.யை எவ்வளவு நேரத்துல ஓடுனீங்க?

வெட்டாத்துக்கரை

3 மணி 20 நிமிஷம். கடைசி 6 கி.மீ. நடையும் ஓட்டமுமா.

மாயவரத்துக்காரரே, 25க்கு மாத்தச் சொல்லி மெயில் போட்டேன். மாத்துற தேதி முடிஞ்சுபோச்சாம். பணமும் திரும்ப வராது.

பெரியபாதை

தம்பி, நான் ஓட்டக்காரன் இல்லை. அறுபது தாண்டியாச்சு. வேளாங்கண்ணிக்கும் பழனிக்கும் நடந்திருக்கேன், எருமேலியிலேருந்து பெரிய பாதை வழியா சபரிமலைக்கும் போயிருக்கேன். கரிமலை ஏத்தத்துல இருமுடியைத் தலையில வச்சுக்கிட்டு ஏறினவங்க யாரும் பதினாறு வாரத் திட்டம் போட்டு ஓடிட்டு வந்தவங்க இல்லை. ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேத்தத்துக்குத் தஞ்சாவூர் பக்கத்துலேருந்து தொண்ணூறு கிலோமீட்டர் வெறுங்காலோட நடக்குறவங்களைப் பாருங்க. கடைக்காரங்க, கொத்தனாருங்க, கல்யாணமாகி புள்ளை பெத்த பொம்பளைங்க.

மனசு இருந்தா கால் தானா வரும். போயிட்டு வாங்க.

கும்மோணம் ஓட்டக்காரன்

ஐயா, உங்க நடை மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா பாதயாத்திரைக்குக் கட் ஆஃப் கிடையாது. முடியலேன்னா சத்திரத்துலயோ பந்தல்லயோ படுத்துட்டு காலையில கிளம்பலாம். வேளாங்கண்ணி ரோடு முழுக்கச் சமதளம். இங்க 39ஆவது கி.மீ.யில ஒருத்தர் வாட்ச்சோட நிப்பார். மனசு இருக்கான்னு அவர் கேக்கமாட்டார்.

பெரியபாதை

அதுவும் சரிதான். ஆனா கால் பராமரிப்புல எங்களை அடிச்சுக்க ஆள் இல்லை, அதை மட்டும் சொல்லிட்டுப் போறேன். புது ஷூ, புது சாக்ஸ் அன்னைக்கு வேண்டவே வேண்டாம். நாலு நாள் முன்னாடியே நகத்தை ஒட்ட வெட்டி, ஓரத்தைத் தேய்ச்சு விடுங்க. விரல் இடுக்குல வாஸ்லினை நல்லாத் தடவுங்க. கால்ல ஏதோ உறுத்துதுன்னு தோணின உடனே உட்கார்ந்து ஷூவைக் கழட்டிப் பாருங்க, அடுத்த ஸ்டேஷன்ல பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க. கொப்புளம் வந்துட்டா ஊசியில நூலைக் கோத்து இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் இழுத்து, நூலை உள்ளயே விட்டுடுங்க. தண்ணி கசிஞ்சு வடிஞ்சுடும்.

தஞ்சை பிசியோ

கடைசி வரி தவிர எல்லாத்துக்கும் கையெழுத்துப் போடுறேன் ஐயா. நூலை உள்ள விடாதீங்க, அது வழியாத்தான் கிருமி போகும். சுத்தப்படுத்தின ஊசியால ஓரத்துல குத்தி வடிச்சுட்டு, மேல்தோலை உரிக்காம பிளாஸ்டர் போட்டா போதும்.

வெட்டாத்துக்கரை சார், மூணு வாரத்துல எது முடியும், எது முடியாதுன்னு பிரிச்சுப் பாருங்க.

மூச்சுத் திறனும் நீண்ட நேர ஓட்டத்துக்கான உடல்வாகும் மூணு வாரத்துல வராது. இப்ப பயந்துபோய் 35, 40 கி.மீ.ன்னு ஓடுனா களைப்போடதான் மலைக்குப் போவீங்க. அதை விட்டுடுங்க.

இறக்கத்துக்குக் காலைப் பழக்குறது மட்டும் மூணு வாரத்துல முடியும். ஏறும்போது தொடைச் சதை சுருங்கி வேலை செய்யுது. இறங்கும்போது நீண்டுக்கிட்டே உடம்பு எடையைத் தாங்குது. சமதளத்துல மட்டும் ஓடுற கால் இந்த வேலையைச் செஞ்சதே இல்லை. அதனால முதல் நீளமான இறக்கத்துலயே முன்தொடை நாருங்க அடி வாங்கும். மலைக்குப் போயிட்டு வந்த மறுநாளும் மூணாம் நாளும் படி இறங்க முடியாம பக்கவாட்டுல இறங்குறது இதனாலதான்.

நல்ல விஷயம் என்னன்னா, ஒரு தடவை அப்படி அடி வாங்கிட்டு ஆறின சதை, அடுத்த தடவை அதே வேலையை ரொம்பக் குறைஞ்ச சேதத்தோட செய்யும். இந்தப் பாதுகாப்பு சில வாரம் நிக்கும். ஒரே ஒரு நல்ல இறக்கப் பயிற்சிக்கே இந்தப் பலன் உண்டு. வலி முழுசா ஆறணும்கறதால பந்தயத்துக்குப் பத்துப் பதினாலு நாள் முன்னாடியே அதை முடிச்சுடுங்க. கடைசி வாரத்துல பண்ணா வலியோடதான் ஸ்டார்ட்ல நிப்பீங்க.

நைட்ஷிஃப்ட் மாயவரம்

அருமை. டெல்டாவுல இறக்கத்துக்கு எங்க போவாரு? திருவாரூர் கடல் மட்டத்துலேருந்து பத்து மீட்டர் கூட இருக்காது. எங்க ஊர்ல உசரமானது ரயில்வே மேம்பாலம்தான்.

வல்லம் மேடு

வல்லத்தை மறந்துட்டீங்களே 😀 தஞ்சாவூர்லேருந்து வல்லம் வரும்போது சைக்கிள் மிதிச்சவங்களுக்குத் தெரியும் அது மேடுன்னு. ஆனா மலைக்கு அது பத்தாது, ஒத்துக்கறேன்.

நான் பண்ணதைச் சொல்றேன் தம்பி. முதல்ல சுவாமிமலைக்குப் போனேன். அது கட்டுமலைதான், அறுபது தமிழ் வருஷத்துக்கு அறுபது படி. ரெண்டு தடவை ஏறி இறங்கினதும் பூக்கார அம்மா "என்னம்மா வேண்டுதலா"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். மூணாவது தடவைக்கு அப்புறம் வெக்கமாப் போயிடுச்சு. கோயில்ல ஓடுறது முறையும் இல்லை.

அதுக்கப்புறம் போனது குளித்தலைக்குப் பக்கத்துல ஐயர்மலை. 1,017 படி. திருச்சி–கரூர் லைன்ல குளித்தலையில இறங்கி பஸ்ஸுல போயிடலாம். விடியக்காலம் போங்க, வெயில் ஏறினா கருங்கல் காலைச் சுடும். ஏறும்போது நடை, இறங்கும்போது ஒவ்வொரு படியும் மெதுவா. சாமி கும்பிட வர்றவங்களுக்கு வழி விட்டுப் போங்க. முதல் தடவை மூணு சுத்து போதும், அஞ்சு வேண்டாம். இப்ப ரோப்கார் வேற இருக்கு, களைப்புல அதுல ஏறிடாதீங்க.

இன்னொண்ணு. சமதளத்துலயும் கணுக்காலுக்கு நல்ல பயிற்சி நம்மகிட்டயே இருக்கு, வரப்பு. அறுப்பு முடிஞ்ச வயல் வரப்புல மெதுவா ஓடிப் பாருங்க, ஒரு அடி கூட ஒரே மாதிரி விழாது. ஆனா இருட்டுல போகாதீங்க. அறுப்பு முடிஞ்சதும் எலிக்குப் பாம்பு வரும், கண்ணாடிவிரியன் வரப்பு வளையிலதான் கிடக்கும். நல்ல வெளிச்சம் வந்தப்புறம், கண்ணைத் தரையில வச்சு ஓடுங்க.

வெட்டாத்துக்கரை

அக்கா, ரொம்ப நன்றி. ஞாயித்துக்கிழமை ஐயர்மலை போறேன்.

பிசியோ சார், ஒரு சந்தேகம். கூட ஓடுற பையன் ஒருத்தன், கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வலி மாத்திரை, பாதி வழியில இன்னொண்ணு போட்டா தொடை வலியே தெரியாதுங்கறான். சரியா?

தஞ்சை பிசியோ

இல்லவே இல்லை. இதை மட்டும் பெரிய எழுத்துல எழுதி ஒட்டி வச்சுக்கங்க.

இபுப்ரொஃபேன், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைங்க சிறுநீரகத்துக்குப் போற ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். மணிக்கணக்கா வெயில்ல ஓடி, தண்ணி வத்தி, சதை சேதமாகி அந்தக் கழிவும் ரத்தத்துல கலந்திருக்கும்போது இதையும் சேர்த்தா சிறுநீரகத்துக்கு மூணு பக்கமும் அடி. பாலைவன அல்ட்ராவுல 80 கி.மீ. ஓடுனவங்களை வச்சு ஒரு ஆய்வு 2017ல வெளிவந்துச்சு. இபுப்ரொஃபேன் எடுத்தவங்கள்ல பாதிக்குப் பாதி பேருக்கு சிறுநீரகத்துல தற்காலிகப் பாதிப்பு. மருந்தில்லாத வெத்து மாத்திரை சாப்பிட்டவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு. மாத்திரை போடாமலே அவ்வளவு பேருக்குன்னா, போட்டா என்னன்னு பாருங்க. பயிற்சி குறைவா போறவங்களுக்குச் சதைச் சேதம் இன்னும் ஜாஸ்தி.

மூத்திரம் கடுங்காபி நிறத்துல போனா பந்தயம் அங்கேயே முடிஞ்சுது. டாக்டரைப் பாக்கணும், அதுல யோசனையே கூடாது.

அடுத்தது தண்ணி. பயத்துல குடம் குடமாக் குடிக்காதீங்க. 2002 பாஸ்டன் மாரத்தான்ல ரத்தம் பரிசோதிச்ச 488 பேர்ல 13 சதவீதம் பேருக்கு சோடியம் இயல்பைவிடக் குறைஞ்சிருந்துச்சு. அதிகமாத் தண்ணி குடிச்சு ஓட்டத்துலயே எடை கூடினவங்களும், நாலு மணி நேரத்துக்கு மேல ஓடுனவங்களும்தான் அதுல முக்கியமா மாட்டினாங்க. மெதுவா ஓடுறவங்களுக்குக் குடிக்க நேரம் நிறைய இருக்கு, அதுதான் சிக்கல். தாகத்துக்குக் குடிங்க. மோதிரம் இறுகுது, விரல் வீங்குது, தலைவலி, குமட்டல், பேச்சுக் குழறல்னா தண்ணி பத்தலைன்னு நினைச்சு மேல மேல ஊத்தாதீங்க.

கும்மோணம் ஓட்டக்காரன்

இளநீர் பத்தி யாராவது கேக்குறதுக்கு முன்னாடி சொல்லிடுறேன். இளநீர்ல பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைச்சல். வேர்வையில போறது முக்கியமா சோடியம். அதனால இளநீரை மட்டும் நம்பாதீங்க. மெடிக்கல்ல கிடைக்குற ஓ.ஆர்.எஸ். பாக்கெட், ஒரு லிட்டருக்குக் கலக்குறது, அதுல உப்பு 2.6 கிராம். இல்லேன்னா நல்லா உப்புப் போட்ட நீர்மோர். மோர் எல்லா வயித்துக்கும் ஒத்துக்காது, வீட்டுல குடிச்சு ஓடிப் பாருங்க.

சாப்பாடு மணிக்கு 30லேருந்து 60 கிராம் மாவுச்சத்து. ஓட்டக்காரங்க சாப்பிடுற ஜெல் பாக்கெட் வாங்கித்தான் ஆகணும்னு இல்லை. பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், வாழைப்பழம், கெட்டியாப் பிசைஞ்ச புளிச்சோத்து உருண்டை எல்லாம் நடக்கும். 25 கி.மீ.க்கு அப்புறம் இனிப்பைப் பாத்தாலே குமட்டும், அப்ப புளிச்சோறுதான் உள்ள போகும். பசிக்குறதுக்கு முன்னாடியே, முதல் மணி நேரத்துலேருந்தே ஆரம்பிங்க.

ஏத்தத்துல முதல் கி.மீ.லேருந்தே நடங்க. ஸ்டார்ட்ல எல்லாரும் ஓடுவாங்க, விடுங்க. கையில ரெண்டு கம்பு இருந்தா நல்லது. வெள்ளியங்கிரி ஏறுறவங்க மூங்கில் கம்போட ஏறுறது சும்மா இல்லை. பந்தயத்துல கம்பு அனுமதியான்னு விதியைப் பாத்துக்கங்க.

ஒரு விஷயத்துல டெல்டாக்காரனுக்கு லாபம். நம்ம ஊர் வெக்கையிலயும் புழுக்கத்துலயும் வேலை செஞ்ச உடம்பு இது. மத்தியானம் மலையில வெயில் ஏறும்போது குளிரூர்க்காரங்க சுருண்டுபோவாங்க, நமக்கு அது மார்கழி.

நைட்ஷிஃப்ட் மாயவரம்

எல்லாரும் சேர்ந்து மனுஷனை மலைக்கு அனுப்பி வைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. நான் திரும்பவும் சொல்றேன். போகாம இருக்குறதும் ஒரு முடிவுதான். கட்டுன பணம் போயிடுச்சு, அதுக்காக முட்டியையும் சேர்த்துக் கொடுக்கணுமா?

வல்லம் மேடு

மாயவரம் சார் சொல்றதுல அர்த்தம் இருக்கு. முட்டி, கணுக்கால், குதிகால் எங்கயாவது இப்பவே வலி இருந்தா தம்பி போகவே கூடாது. வலி இல்லைன்னா போயிட்டு 39ல ஜீப்புல ஏறி வந்தாக்கூட என்ன குடி முழுகிடும்? நிக்க வேண்டிய இடத்துல நிக்கத் தெரியணும், அவ்வளவுதான்.

வெட்டாத்துக்கரை

வலி எதுவும் இல்லை அக்கா.

ஐயர்மலை போயிட்டு வந்தேன். மூணு சுத்து. ஏறும்போது "இவ்வளவுதானா"ன்னு இருந்துச்சு. கடைசி இறக்கத்துல கால் தந்தியடிச்சுது, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுதான் இறங்கினேன். செவ்வாய்க்கிழமை உரக்கடை திண்ணையிலேருந்து இறங்க முடியலை. கடைப்பையன் கையைப் பிடிச்சு இறக்கி விட்டான், ஊர் பூரா சொல்லியும் வச்சான். சனிக்கிழமை சுத்தமா ஆறிடுச்சு. மறுநாள் திரும்பப் போனேன், அதே மூணு சுத்து, மறுநாள் லேசான இறுக்கம் மட்டும். பிசியோ சார் சொன்னது அப்படியே நடந்துச்சு.

வெள்ளிக்கிழமை கிளம்புறேன்.

பெரியபாதை

நல்லபடியா போயிட்டு வாங்க தம்பி. குலசாமிக்கு ஒரு விளக்குப் போட்டுட்டுக் கிளம்புங்க. வந்ததும் எழுதுங்க.

வெட்டாத்துக்கரை

வந்துட்டேன். முடிக்கலை. 39ல நிறுத்திட்டாங்க. விவரமா எழுதுறேன், அடுத்து யாராவது இதைத் தேடி வந்தா உதவும்.

5 மணிக்கு ஹெட்லேம்ப் வெளிச்சத்துல கிளம்பினோம். எல்லாரும் பிச்சுக்கிட்டு ஓட, நான் ஓரமா நடந்தேன். முதல் ஏத்தம் 5 கி.மீ., முழுக்க நடை. விடியும்போது காப்பித் தோட்டத்து மண் ரோடு, அதுல சுகமா ஓடினேன். ஓட்டக்காரர் சொன்ன ஏழரையை விடவும் கொஞ்சம் வேகமாவே போச்சு, மூச்சும் வாங்கலை. முன்னாடி பிச்சுக்கிட்டுப் போன பல பேரை அங்க தாண்டினேன். 26 கி.மீ. 5 மணி 40 நிமிஷத்துல. கையில இருபது நிமிஷம். புளிச்சோறு ரெண்டு உருண்டை, ஓ.ஆர்.எஸ்., பத்து நிமிஷத்துல கிளம்பிட்டேன். அடுத்த 4 கி.மீ. ஏத்தம் 55 நிமிஷம். அதுவரைக்கும் எல்லாம் கணக்குப்படி.

30லேருந்து 37 வரைக்கும் சோலைக்காட்டுக்குள்ள இறக்கம். இதை ஓடித்தான் நேரத்தை மீட்கணும்னு நினைச்சிருந்தேன். தொடை தாங்குச்சு, வலியே இல்லை. ஆனா ஓட முடியலை. பாதை பூரா காஞ்ச சருகு, கீழ உருள்ற கல், குறுக்கால வேர். எந்தக் கல் நிக்கும், எது உருளும்னு எனக்குத் தெரியலை. ஒவ்வொரு அடியையும் பாத்து, யோசிச்சு, கம்பை ஊனி, அப்புறம் வச்சேன். ஐயர்மலையில ஒவ்வொரு படியும் வெட்டி வச்சது, கண்ணை மூடிக்கிட்டுக் கூட இறங்கலாம். இங்க கூடலூர்ப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு, இருபது வயசு இருக்கும், "அண்ணா கொஞ்சம் வழி"ன்னுட்டு ஆடு துள்ற மாதிரி இறங்கிப் போச்சு. அது கல்லைப் பாக்கவே இல்லை, பத்தடி முன்னாடிதான் கண்ணு. அந்த 7 கி.மீ.க்கு எனக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு.

34ல ஸ்டேஷன்ல தண்ணி தீர்ந்துபோச்சு. தன்னார்வலர் பசங்க ஆளுக்கு அரை பாட்டில்னு பிரிச்சு ஊத்தினாங்க, பாவம், அவங்க மேல கோபம் இல்லை. நடத்துறவங்க இதைப் பாத்திருக்கணும். நான் முதுகுப் பையில மீதி வச்சிருந்ததால தப்பிச்சேன்.

39க்கு வந்தப்ப 9 மணி 31 நிமிஷம். பதினாறு நிமிஷம் லேட். நெஞ்சு நம்பர்ல இருந்த சிப்பைக் கழட்டி வாங்கிக்கிட்டாங்க, சூடா டீ கொடுத்தாங்க. ஜீப்புல என்னோட சேர்த்து ஏழெட்டுப் பேர். மூத்திரம் நல்ல நிறம்தான், பிசியோ சார். மறுநாள் படி இறங்க முடிஞ்சுது. வலது கால் கட்டை விரல் நகம் மட்டும் கறுத்திருக்கு.

நைட்ஷிஃப்ட் மாயவரம்

நான் அப்பவே சொன்னேன்னு சொல்லமாட்டேன். (சொல்லிட்டேன்.) முழுசா வீடு வந்து சேர்ந்ததுல சந்தோஷம் அண்ணே.

கும்மோணம் ஓட்டக்காரன்

இதுதான் எனக்கு வேண்டிய அறிக்கை. நைஸ்மித் விதியில இறக்கத்துக்குத் தனியா நேரமே கிடையாது. பின்னாடி லாங்முயர்னு ஒருத்தர் அதைத் திருத்தினார். சாய்வான இறக்கமா இருந்தா 300 மீட்டருக்குப் பத்து நிமிஷம் கழிக்கணும், 12 டிகிரிக்கு மேல செங்குத்தா இருந்தா அதே பத்து நிமிஷத்தைக் கூட்டணும். அதாவது செங்குத்து இறக்கத்துல நேரம் மீளாது, போகும். இனிமே பந்தயத்துக்குப் பணம் கட்டுறவங்க ஏத்த மீட்டரை மட்டும் பாக்காம, இறக்கம் எப்படிப்பட்ட பாதையிலன்னு போன வருஷம் ஓடுனவங்களைக் கேளுங்க. தோட்டத்து மண் ரோடா, சோலைக்காட்டு ஒத்தையடிப் பாதையாங்கறதுலதான் ரெண்டு மணி நேரம் ஒளிஞ்சிருக்கு.

26 வரைக்கும் நீங்க ஓடுனது, வாரம் 30 கி.மீ. ஓடுறவருக்கு ரொம்ப நல்ல நேரம். முதல் ஏத்தத்துல நடந்ததுதான் காரணம்.

பெரியபாதை

கரிமலை இறக்கத்துல எங்க குருசாமி சொல்லுவார், "காலைப் பாக்காதே, காலுக்கு அடுத்த இடத்தைப் பாரு"ன்னு. அந்தப் பொண்ணு செஞ்சது அதுதான் தம்பி. அது காட்டுலதான் வரும், ரோட்டுல வராது.

வெட்டாத்துக்கரை

அதுக்குப் பக்கத்துல எங்க போகலாம்? கொல்லிமலைன்னா 70 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடு. எனக்குக் கல்லு வேணும்.

வல்லம் மேடு

துறையூர் பக்கம் பச்சைமலை போங்க. ரோடு வர்றதுக்கு முன்னாடி மலை ஊர்க்காரங்க சந்தைக்கு இறங்கின ஒத்தையடிப் பாதைங்க இன்னும் சிலது இருக்கு. தனியாப் போகாதீங்க. அடிவாரத்து ஊர்ல விசாரிச்சு, வனத்துறைக்காரங்ககிட்டயும் கேட்டுட்டு ஏறுங்க. கொல்லிமலையில ஆகாய கங்கைக்கு இறங்குற படியும் நல்ல பயிற்சிதான், ஆனா அது திரும்பவும் படி. ஓட வேண்டாம், முதல்ல அந்தப் பாதையில வேகமா நடந்து இறங்கிப் பழகுங்க. மாசி முடியுறதுக்குள்ள போயிடுங்க, பங்குனியில சருகு காஞ்சு தீப்பிடிக்கும், அப்ப உள்ள விடமாட்டாங்க.

தஞ்சை பிசியோ

கறுத்த நகத்தைப் பிடுங்காதீங்க சார், அதுவா விழும், அடியில புதுசு முளைச்சுக்கிட்டு இருக்கும். துடிக்குற மாதிரி வலி இருந்தா மட்டும் வாங்க, ரத்தத்தை வெளியேத்திடலாம். ஷூ அரை சைஸ் பெருசா வாங்குங்க, இறக்கத்துல விரல் முன்னாடி போய் இடிச்சதுதான் காரணம். ரெண்டு வாரம் நடை மட்டும்.

நைட்ஷிஃப்ட் மாயவரம்

பச்சைமலைக்கு நானும் வரேன். நடக்க மட்டும். வேன் வச்சா சொல்லுங்க, டீசல்ல பங்கு தந்துடுறேன்.